பெட்டி பேசினால்தான் மீன்

பிப்ரவரி 3, திங்கள்

இந்த நோட்டை இன்று மத்தியானம் வாங்கினேன். சாட்சிக்காக. போன தடவை என் பக்கம் சொல்வதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. இந்தத் தடவை தேதி போட்டு எல்லாவற்றையும் எழுதிவைக்கப் போகிறேன்.

காலை பதினொரு மணிக்கு எங்கள் ஆபீசுக்குள் ரோமால்ட் நுழைந்தான். பாளையங்கோட்டை ரோட்டில் ஓர் உப்பு வியாபாரியின் மாடியில் இருக்கிற சின்ன ஆபீஸ் எங்களுடையது. ஏழு பேர் உட்கார்ந்து செல்போன் ஆப் செய்து கொடுக்கிறோம். முதலாளி தங்கேஸ்வரன் அண்ணாச்சி, புது வாடிக்கையாளர் வருகிறார் என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். பெயரைச் சொல்லியிருந்தால் லீவு போட்டிருப்பேன். நல்லவேளை, சொல்லவில்லை.

ஆறு வருடம் மூன்று மாதம் ஆகிறது. தொப்பை வைத்திருக்கிறான். முன்பக்கம் முடி போயிருக்கிறது, இன்னும் போகட்டும். சென்னையில் எனக்கு டீம் லீடாக இருந்தவன். துணிக்கடை ஒன்றுக்கு நாங்கள் செய்த ஆப்பில், தீபாவளி விற்பனை சமயத்தில், பணம் கட்டாதவர்களுக்கும் 'கட்டியாயிற்று' என்று காட்டி இரண்டு நாள் துணி வெளியே போனது. விசாரணையில் அவன் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட் எனக்கு மனப்பாடம். "இந்தப் பிழைக்கு முழுப் பொறுப்பு இசக்கியம்மாள். இந்த மாற்றம் என் பார்வைக்கு வரவில்லை." மாற்றம் நடந்த அன்று நான் லீவு. அதை யாரும் கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கழுத்திலிருந்து கார்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அதன்பிறகு எட்டு மாதம் எந்தக் கம்பெனியும் என்னைத் தொடவில்லை.

இன்று கையை நீட்டினான். "இசக்கி மேடம், நல்லா இருக்கீங்களா?" அப்போதெல்லாம் 'இசா' என்பான். முழுப்பெயர் அவன் வாயில் நுழையாதாம். இத்தனைக்கும் இதே ஊரில் பிறந்தவன்.

நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி ஒரு வாரம்தான் ஆகிறது. நாலு வேளை சொட்டு மருந்து விட வேண்டும். சாயங்கால வேளையை மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

வேலை என்னவென்று சொன்னார்கள். ஆப்பின் பெயர் மீன்கூடை. மீன் மார்க்கெட்டில் விற்கிற பன்னிரண்டு பெண்கள் அதில் இருப்பார்கள். வாங்குகிறவர் போனிலேயே மீனைத் தேர்ந்தெடுத்து, போனிலேயே பணம் கட்டி, நேரில் வந்து வாங்கிக்கொண்டு போகலாம். மார்ச் ஐந்து திருநீற்றுப் புதன். தவக்காலம் தொடங்கிவிட்டால், கிறிஸ்தவர்கள் கறி தொடாத வெள்ளிக்கிழமைகளில் இந்த ஊரில் மீனுக்கு அடிதடி. அதற்கு முன்னால் ஆப் வெளியே வந்துவிட வேண்டும் என்கிறான் ரோமால்ட். பெரிய கூட்டம் போட்டு, பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, ஆயர் இல்லத்திலிருந்து ஒரு சாமியாரையும் அழைத்து வெளியிடுவானாம்.

ஆப்பில் பணம் கட்டும் பகுதியை இணைப்பதுதான் எனக்கு. அதாவது, வாங்குகிறவரின் வங்கிக்கும் மீன்காரியின் வங்கிக்கும் நடுவில் கேட்வே என்று ஒரு நிறுவனம் நிற்கும். அதை ஆப்போடு பொருத்த வேண்டும். போன் பக்கத்து வேலை என்னுடையது. சர்வர் பக்கத்து வேலையை ரோமால்டே எழுதி வைத்திருக்கிறான். அதை நான் ஒரு தடவை சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

நான் கையெழுத்துப் போட வேண்டும். அவன் வேலைக்கு. அண்ணாச்சி சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னம்மா என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

பிப்ரவரி 6, வியாழன்

தண்ணீர் வந்தது. குடம், அண்டா, பக்கெட் எல்லாம் பிடித்தேன். சொட்டு மருந்து நாலு வேளையும் விட்டாயிற்று. ரோமால்ட் மூன்று தடவை போன் செய்தான், இரண்டு தடவை எடுக்கவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

கிடைத்துவிட்டது.

கேட்வே இணைப்பில் ஒரு பாலபாடம் உண்டு. பணம் கட்டி முடிந்ததும் வாங்கியவரின் போன், 'கட்டியாயிற்று' என்று நம் சர்வருக்குச் சொல்லும். அதை நம்பக் கூடாது. போன் சொல்கிறதை நடுவழியில் மாற்றிச் சொல்லவைக்க இலவசமாகவே கருவிகள் இருக்கின்றன. அதனால் நம் சர்வர் தனியாகப் போய்க் கேட்வேயிடம், 'உண்மையிலேயே வந்ததா?' என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். மூன்று வரி வேலை. ஒரு பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லாதே என்பதுதான் அந்த மூன்று வரிக்கும் அர்த்தம்.

ரோமால்டின் ஃபைலில் அந்த மூன்று வரியும் இருக்கின்றன. ஆனால் முன்னால் சாய்கோடுகள் போட்டு நிறுத்தி வைத்திருக்கிறது. சாய்கோடு போட்ட வரியை மனுஷன் படிக்கலாம், கணினி படிக்காது. ஆகவே மீன்கூடையில் போன் சொன்னதே வேதவாக்கு. பணமே கட்டாமல் பச்சை டிக் வரவைக்கலாம். துணிக்கடையில் நடந்த அதே கூத்து!

கண்டுபிடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. தேடு என்று கொடுத்ததும் நேராக நூற்று நாற்பதாவது வரியில் போய் நின்றது. மேலே போய் மற்றதைப் படிக்கவில்லை. படிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஆறு வருடமாக இவன் திருந்தவே இல்லை. அன்றைக்கும் இவன்தான் செய்திருக்கிறான் என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? அன்று நான் அரை நாள்தான் ஆபீசில் இருந்தேன். ஊருக்கு ரயில் பிடிக்கச் சீக்கிரமே கிளம்பிவிட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

சொல்லவில்லை. நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பதுதான் இதில் இருக்கிற ருசி. சும்மா இருந்தால் போதும்.

பிப்ரவரி 12, புதன்

போன் பக்கத்து ஃபைலை ஆரம்பித்தேன். வழக்கம்போல முதல் வரியில் சாய்கோடு போட்டு ஒரு பிள்ளையார் சுழி. பரீட்சைப் பேப்பரில் போட்டுப் போட்டு வந்த பழக்கம், நான் எழுதுகிற எந்த ஃபைலும் 'உ' இல்லாமல் தொடங்காது. சென்னையில் இதற்காக என்னைக் கேலி செய்வார்கள். இது என்ன புரோகிராமா, கோயில் நோட்டீஸா என்பான் ரோமால்ட். மொத்த டீமும் சிரிக்கும். சிரித்த ஒவ்வொருவர் முகமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கேஸ் சிலிண்டர் புக் செய்தேன். இட்லிக்கு ஊறப் போட்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

சரிபார்ப்புப் பட்டியலை நிரப்பிக் கொடுத்தேன். மொத்தம் இருபத்திரண்டு கேள்விகள். பதினேழாவது: 'பணம் வந்ததைச் சர்வர் கேட்வேயிடம் உறுதி செய்கிறதா?'

'ஆம்' என்று எழுதினால் பொய். 'இல்லை' என்று எழுதினால் அவன் தப்பித்துவிடுவான். 'வாடிக்கையாளர் தரப்பு' என்று எழுதினேன். அதில் பொய் எங்கே இருக்கிறது? சர்வர் அவன் தரப்புதானே. அண்ணாச்சி மேலோட்டமாகப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். "நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்மா" என்றார்.

நடக்கப்போவதை இங்கேயே எழுதிவைக்கிறேன். பத்திரிகைகளில் படம் வரும். ஒரு வாரத்துக்குள் எவனாவது ஓட்டையைக் கண்டுபிடிப்பான். மீன் போகும், பணம் வராது. பன்னிரண்டு மீன்காரிகளும் ரோமால்ட் வீட்டு வாசலில் நிற்பார்கள். மீன்காரிகள் வாசலில் நின்றால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அப்போது விசாரணை வரும். ரிப்போர்ட்டை நான் எழுதுவேன். 'இந்தப் பிழைக்கு முழுப் பொறுப்பு ரோமால்ட்' என்று எழுதுவேன். அவன் எனக்கு எழுதிய அதே வரி, கமா கூட மாற்ற மாட்டேன்.

பிப்ரவரி 19, புதன்

காலையில் மார்க்கெட்டுக்குப் போய் மீன்காரிகளுக்கு ஆப்பைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று அண்ணாச்சி அனுப்பினார். பன்னிரண்டு பேரில் புளோராக்காவும் இருக்கிறார் என்று அங்கே போனபிறகுதான் தெரிந்தது.

பதினைந்து வருடமாக எங்கள் வீட்டுக்குப் புளோராக்கா மீன்தான். அப்பா ஹார்பரில் கிரேன் ஓட்டிய காலத்துப் பழக்கம். அம்மா செத்தபோது பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், கேட்காமலே ஒரு கூறு சாளை கொண்டுவந்து, கழுவிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் வேலை போய்ச் சென்னையிலிருந்து வந்து நின்றபோது, ஏன் வந்தாய் என்று கேட்காத ஒரே ஆளும் அவர்தான்.

அவரிடம் பணம் வந்தால் சத்தமாகச் சொல்லுகிற பெட்டி ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் பணம் அனுப்பிவிட்டேன் என்று போனைக் காட்டினால், அதைத் திரும்பியும் பார்க்க மாட்டார். பெட்டி பேசினால்தான் மீன். அது பேசுகிற வரை மீன் பை அவர் கையிலேயே இருக்கும், வாங்குகிறவர் கலெக்டராக இருந்தாலும் சரி.

ஆப்பில் பச்சை டிக் வந்தால் மீனைக் கொடுத்துவிடலாம் என்று சொன்னேன். புளோராக்கா கையைத் துடைத்துவிட்டு என் போனை வாங்கிப் பார்த்தார்.

"இதுக்குப் பெட்டி பேசாதாம்மா?"

"பேசாதுக்கா. சாயங்காலம் மொத்தமா உங்க அக்கவுண்டுக்கு வந்துரும்."

"அப்போ இந்தப் பச்சைய நம்பிக் குடுக்கலாங்கியா?"

பக்கத்துக் கடைக்காரிகளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம்பலாம்க்கா என்றேன்.

தனியாக எடுத்து வைத்திருந்த விளமீனில் இரண்டை எடுத்து, அப்பாவுக்குக் கண்ணுக்கு நல்லது என்று பையில் போட்டார். காசு வாங்கவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

குழம்பு இறங்கவில்லை. உப்பு கூடிவிட்டது என்று அப்பாவிடம் சொன்னேன். சரியாகத்தானே இருக்கிறது என்கிறார்.

யாருக்காவது நஷ்டம் வந்தால் ரோமால்ட் கையிலிருந்து கொடுத்துத்தான் ஆக வேண்டும். புளோராக்காவுக்கு ஒன்றும் ஆகாது. இதைத் தெளிவாக யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பிப்ரவரி 24, திங்கள்

ஒரு வார வெள்ளோட்டம் தொடங்கியது. வெளியீடு மார்ச் நாலு. முதல் நாளே முப்பத்தெட்டு ஆர்டர். ரோமால்ட் ஆபீசுக்கு மக்ரூன் வாங்கி வந்தான். எனக்கென்று தனியாக ஒரு பொட்டலம். அப்படியே பேப்பர் பொறுக்கும் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

அப்பா இனி வெயிலில் மட்டும் கறுப்புக் கண்ணாடி போட்டால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொட்டு இனி இரண்டு வேளை.

பிப்ரவரி 28, வெள்ளி

நடந்துவிட்டது. வெளியீட்டுக்கு முன்னாலேயே நடந்துவிட்டது.

காலையில் ஏதோ விருந்து என்று சொல்லி இரண்டு பெரிய ஆர்டர்கள். ஒரு முழுச் சீலா, எட்டுக் கிலோ இறால். ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவன் வந்து பச்சை டிக்கைக் காட்டினான். மீனைத் துண்டு போட்டு, இறாலை உரித்து, ஐஸ் வைத்துக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் கணக்குக்குப் பணம் வரவில்லை.

இரண்டு ஆர்டரும் புளோராக்காவிடம்.

ஏன் அவரிடம்? பன்னிரண்டு பேர் இருந்தார்களே.

மார்ச் 1, சனி

காலையில் ஆபீசில் கூட்டம். அண்ணாச்சி, ரோமால்ட், நான், புளோராக்கா. அவர் நாற்காலியில் உட்காராமல் சுவரோரமாக நின்றார். மீன் வாடை அடிக்குமாம்.

ரோமால்ட் என்ன சொல்லப்போகிறான் என்று தெரியும் என்று நினைத்தேன். எங்கள் தலையில்தான் போடுவான். போடட்டும், பட்டியலில் பதினேழாம் கேள்வி இருக்கிறது, எடுத்துக் காட்டுவேன் என்று காத்திருந்தேன். அவன் எழுந்து நின்று புளோராக்காவைப் பார்த்துச் சொன்னான்.

"தப்பு சர்வர்லதான்க்கா. அது நான் போட்டது. என் பழைய லேப்டாப்புல இருந்த ஃபைல, தொறந்துகூடப் பாக்காம அப்படியே தூக்கிப் போட்டுட்டேன். முழுப் பொறுப்பும் என்னுது."

பணத்தை நேற்றே அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டானாம். அண்ணாச்சி, மனுஷன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அவன் தோளைத் தட்டினார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த ஒரு வரியை இவன் வாயிலிருந்து பிடுங்கத்தானே ஒரு மாதம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். கேட்காமலே எடுத்துக் கொடுத்துவிட்டுப் பெரிய மனுஷனும் ஆகிவிட்டான். ஆறு வருடத்துக்கு முன்னால் சொல்ல வராத வாய்க்கு இப்போது மட்டும் வருகிறதாக்கும்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, பதினேழாவதை நீ பார்த்தாயா என்று கேட்டார். அது அவங்க தரப்பு அண்ணாச்சி என்றேன். புளோராக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 1, மத்தியானம்

பழைய லேப்டாப் என்று அவன் சொன்னது காதிலேயே நின்றது. கூட்டம் முடிந்து எல்லோரும் சாப்பிடப் போனபிறகு அந்த ஃபைலைத் திறந்தேன். இந்தத் தடவை தேடவில்லை. மேலே போனேன்.

முதல் வரியில் 'உ'.

கீழே வந்தேன். நிறுத்தி வைத்த மூன்று வரிக்குமேல் ஒரு குறிப்பு இருக்கிறது. போன மாதமும் அது அங்கேதான் இருந்திருக்கும். 'தற்காலிகம். கேட்வே பதில் தர நேரமாகிறது. திங்கட்கிழமை திறக்கவும். இ.' பக்கத்தில் ஆறு வருடத்துக்கு முந்திய அந்தத் தேதி. நேரம், மத்தியானம் மூன்று ஐம்பது.

அன்று நான் லீவு இல்லை. அரை நாளும் இல்லை. ரயில் ஏழரைக்கு. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று அப்பா போன் செய்திருந்தார். பணம் கட்டும் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. வேலையை முடிக்காமல் கிளம்ப முடியாது. மூன்று வரிக்குச் சாய்கோடு போட்டேன், சுற்றுவது நின்றது. திங்கட்கிழமை நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அடுத்த திங்கட்கிழமை மறந்துவிட்டது.

இல்லை. இந்த நோட்டு சாட்சிக்காக. சாய்கோடு போட்டது நான்தான் என்பதை மறக்கவில்லை. கண்டுபிடித்துக் கேட்டபோது நான் இல்லை என்று சொன்னேன். சொல்லிச் சொல்லி அது அப்படியே ஆகிவிட்டது.

சாய்கோடுகளை எடுத்தேன். ஆறு தடவை ஒரு பொத்தானை அமுக்கினால் முடிகிற வேலை. பணம் கட்டாமல் ஏமாற்றிப் பார்த்தேன். சிவப்பு வந்தது.

மார்ச் 3, திங்கள்

ரோமால்டைக் கீழே டீக்கடைக்குக் கூப்பிட்டேன். துணிக்கடை ஃபைலில் சாய்கோடு போட்டது நான்தான் என்றேன். அதே ஓட்டையைப் பிப்ரவரி பத்தாம் தேதியே பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன் என்பதையும் சொன்னேன். அவன் டீ கிளாசைப் பெஞ்சில் வைத்தான்.

"அன்னைக்கு நீங்க என் சீட்டுக்கு வந்து, 'இத நிறுத்திட்டுப் போகவா, திங்கக்கிழமை தொறந்துடுறேன்'னு கேட்டீங்க. நான் போன்ல பேசிட்டே தலையாட்டினேன். ரிப்போர்ட்டுல என் பார்வைக்கு வரலைன்னு எழுதினேன். எனக்கு அப்பதான் கல்யாணம் ஆகியிருந்தது, வேலை போயிடும்னு பயம்."

கேட்டேனாம். எனக்கு அது சுத்தமாக ஞாபகம் இல்லை. எனக்குச் சாதகமாக இருந்த ஒன்றையும் சேர்த்தல்லவா மறந்திருக்கிறேன்.

"சரிக்குச் சரின்னு வச்சுக்கலாமா?" என்றான்.

முடியாது என்றேன். எனக்கு அவன்மேல் இன்னும் கோபம்தான். ஆனால் பாதிக் கோபம். ஆறு வருடம் முழுசாக வைத்திருந்துவிட்டு, பாதியை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. டீக்கு நான்தான் கொடுத்தேன்.

மேலே வந்து அண்ணாச்சியிடம் இந்த நோட்டைக் கொடுத்தேன். பத்தாம் தேதியையும் பத்தொன்பதாம் தேதியையும் படித்தார். மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"புளோராகிட்ட நீயே போய்ச் சொல்லு. சொல்லிட்டு அப்புறம் ஆபீசுக்கு வா" என்றார்.

மார்ச் 4, செவ்வாய்

மீன்கூடை வெளியானது. நான் போகவில்லை. வீட்டை ஒட்டடை அடித்தேன்.

மார்ச் 5, புதன்

மார்க்கெட் வாசல் வரை போனேன். திருநீற்றுப் புதன், கூட்டம் அதிகம். திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

காலை எட்டு மணிக்குப் போனேன். புளோராக்கா நெற்றியில் புதன்கிழமை கோயிலில் இட்ட சாம்பல் சிலுவையின் தடம் இன்னும் லேசாக இருந்தது போல எனக்குப் பட்டது. என்னைப் பார்த்ததும், வா என்று சொல்லிவிட்டு அப்பாவுக்கு என்று ஊளி ஒன்றை எடுத்துத் தராசில் வைத்தார். அவர் வெட்டத் தொடங்குவதற்குள் சொல்லிவிட்டேன். ஓட்டை இருப்பது எனக்கு முன்பே தெரியும். ரோமால்டைப் பழிவாங்க விட்டுவைத்தேன். அன்றைக்கு நம்பலாம் என்று சொன்னபோதும் தெரியும்.

கத்துவார் என்று நினைத்தேன். அந்த வாய்க்கு மார்க்கெட்டே பயப்படும். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரிஞ்சேவா சொன்ன?"

"தெரிஞ்சேதான்க்கா."

அவர் ஊளியைத் தராசிலிருந்து எடுத்துத் திரும்பக் கூடையில் வைத்தார்.

"ஆப்பு கீப்புல்லாம் எனக்கு என்ன தெரியும்? நான் அந்தப் பச்சைய நம்பலம்மா. உன்னத்தான் நம்புனேன்."

ஈரச் சாக்கை இழுத்துக் கூடையை மூடினார். பக்கத்தில் நின்ற பெண்ணிடம், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அந்தப் பெண் போனை நீட்டினாள். பெட்டி பேசியது. மீனைக் கொடுத்தார். அதற்குமேல் நான் அங்கே நின்றுகொண்டிருக்க முடியவில்லை.

அப்பா கண்ணாடி இல்லாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கண் நன்றாகத் தெரிகிறதாம். என் கையில் பை இல்லாததைப் பார்த்துவிட்டு, புளோரா இன்றைக்குக் கடை போடவில்லையா என்று கேட்டார்.

கடை இருக்குப்பா, நமக்கு மீன் இல்லை என்றேன்.